இங்கிலீஷ் செகண்ட் பேப்பரும் நொய்யலும்

பிளஸ் டூ இங்கிலீஷ் செகண்ட் பேப்பர் எழுதியவர்களுக்கு அந்தக் கேள்விகள் மறந்திருக்காது. செய்தித் தலைப்பை விரித்து எழுது. விளம்பரம் பார்த்து வேலைக்கு விண்ணப்பம் போடு. ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு. ரயில் முன்பதிவுப் படிவத்தை நிரப்பு. நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுது. ஃப்ரம், டூ, தேதி, சார், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி எல்லாம் அதனதன் இடத்தில் வந்துவிட்டால் பாஸ் ஆகிவிடலாம் என்ற தைரியம் வந்துவிடும். நடுவில் என்ன எழுதினோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த வடிவங்கள் பள்ளிக்கூடத்தில் பிறந்தவை அல்ல. 1854இல் நார்த்கோட், டிரெவெல்யன் அறிக்கை, அரசு வேலைக்குச் சிபாரிசு வேண்டாம், போட்டித் தேர்வு வை என்றது. அடுத்த ஆண்டே இந்திய சிவில் சர்வீசுக்கும் லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. பிரிட்டிஷ் அலுவலகத் தேர்வுகளில் ‘ப்ரேசி’ ஒரு பாடம். காரணம் எளிது. கட்டுக்கட்டாக வரும் கடிதங்களை மேலதிகாரி முழுசாகப் படிக்க மாட்டார். கீழே இருப்பவர் படித்துச் சுருக்கம் வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் முடிவு. சுருக்கத்தில் விடுபட்டுப்போன ஊர், முடிவிலும் விடுபட்டுப்போகும்.

அலுவலகத்தில் அந்தச் சுருக்கத்துக்கு வாசகர் ஒருவர் இருந்தார், அதற்குப் பின்னால் ஒரு விளைவும் இருந்தது. வகுப்பறைக்கு வரும்போது இரண்டும் உதிர்ந்து, வடிவம் மட்டும் தங்கிவிட்டது.

உதிராமல் இருந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கத் திருப்பூர் நல்ல இடம்.

உள்ளூர் சந்தைக்கு பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் இது. 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததை ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்வார்கள். எண்பதுகளில் வெள்ளையோடு வண்ணமும் கேட்டார்கள். சாயப்பட்டறைகள் பெருகின. பட்டறைத் தண்ணீர் நொய்யலில் விழுந்தது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இந்த மாதிரித் தொழிற்சாலை கூடாது என்று 1989இலேயே தமிழக அரசு ஆணை போட்டிருந்தது. ஆணை ஃபைலில் இருந்தது, சாயம் ஆற்றில் இருந்தது. காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவே, பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிப்போனது.

இனி நடந்ததை எழுத்தின் கதையாகவும் படிக்கலாம்.

“தண்ணி கெட்டுப்போச்சுங்க, தென்னை கருகுதுங்க, மாடு வாய் வைக்க மாட்டேங்குதுங்க.” இது பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லும் வடிவம். அவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதுவே கலெக்டரிடம் போகும்போது மனு: எந்தக் கிராமம், எத்தனை ஏக்கர், எப்போதிருந்து. நீதிமன்றத்துக்கோ அதுவும் போதாது. கெட்டுப்போச்சு என்ற சொல் அங்கே எண்ணாக மாற வேண்டும். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. அதைத் தாண்டியிருக்கிறது என்று காட்டினால்தான் கருகிய தென்னைக்குச் சாட்சி உண்டு.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றம் போனது இப்படித்தான். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கழிவை முழுக்கச் சுத்திகரிக்க வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். தோட்டத்துப் புலம்பல் இப்போது லிட்டருக்கு இத்தனை பைசா என்ற வடிவத்துக்கு வந்திருந்தது.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அதே ஆறுதான், ஆனால் இந்த மனுவில் முன்னால் நின்றவை அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடுத்த அவகாசம் முடிந்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். மின்சாரமும் துண்டிக்கப்பட்டது.

அடுத்த நாள் அது நாலு சொல் தலைப்பு. செகண்ட் பேப்பரில் கேட்டது போல அதை விரித்து எழுதினால் என்னென்ன வர வேண்டும்? விவசாயியின் இருபது வருஷம் வர வேண்டும். கடன் வாங்கிச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு போட்ட சின்னப் பட்டறைக்காரரும் வர வேண்டும். பிறகு, சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வெளியூரிலிருந்து வந்த தொழிலாளி. துணிக்குச் சாயம் ஏறவில்லை என்றால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, செக்கிங் இல்லை. வழக்கில் அவர்கள் பெரும்பாலும் முதலாளிகளின் வாதத்துக்குள் ஓர் எண்ணிக்கையாகத்தான் வந்தார்கள். அவர்களுடைய வாரத்தைச் சொல்ல யாரும் ஒரு வடிவம் வைத்திருக்கவில்லை. ப்ரேசியில் விடுபட்ட ஊர் போல.

பிறகு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்கு மாறிப் பட்டறைகள் மெல்லத் திறந்தன. நொய்யல் இன்னும் தேறிவிடவில்லை. வழக்கு நடந்த அந்த வருஷங்களிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் தேர்வறையில் உட்கார்ந்து நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அனுப்புநர் இடத்தில் அவர்கள் சொந்தப் பெயர் எழுதக் கூடாது. பெயர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊர் ஒய் ஒய் ஒய். விடைத்தாள் யாருடையது என்று தெரியக் கூடாது அல்லவா?

நீதிமன்றப் பிரமாணப் பத்திரம் இதற்கு நேர் எதிர். அது தொடங்குவதே பெயர், தகப்பனார் பெயர், வயது, கிராமம் என்றுதான். இன்னார், இந்த ஊரிலிருந்து சொல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தண்ணீரைப் பற்றிய முதல் வரியே வரும்.