ஓடுறதுக்கு முன்னாடி குனிஞ்சு காலைத் தொடச் சொன்னது யாரு?

கொஞ்சம் நீளமான த்ரெட். போலீஸ், மிலிட்டரி செலக்‌ஷனுக்காக ஓடிக்கிட்டிருக்கிற தம்பி தங்கச்சிங்க, அவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர்கள், பெத்தவங்க எல்லாரும் பொறுமையா படிங்க.

தருமபுரியில விடியற்காலை 5 மணிக்கு வெளிய வந்து பாருங்க. ஸ்டேடியம், பள்ளிக்கூட மைதானம், பென்னாகரம் ரோடு, அரூர் ரோடு, எங்க பார்த்தாலும் பசங்க ஓடிக்கிட்டிருப்பாங்க. மழையை நம்பின விவசாயம், இல்லன்னா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறணும். இது ரெண்டும் வேண்டாம்னு நினைக்கிற வீட்டுக்கு ஒரு காக்கிச் சட்டைதான் வழி. அந்தச் சட்டைக்கு நடுவுல நிற்கிறது 7 நிமிஷத்துல முடிக்க வேண்டிய 1500 மீட்டர் ஓட்டம். மிலிட்டரின்னா 1.6 கிலோமீட்டர்.

போன மாசம் பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி வந்தான். எழுத்துத் தேர்வு பாஸ். உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் 3 வாரம். முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல வலி. விரலை வச்சு ஒரே இடத்தைக் காட்டினான், அழுத்தினா துள்ளினான். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது ஒரே அடியில முறியாம, திரும்பத் திரும்ப விழுற அழுத்தத்துல எலும்புல வர்ற விரிசல். "சார், நான் ஒருநாள் கூட ஸ்ட்ரெட்சிங் விட்டதில்ல. தினமும் கால் மணி நேரம் பண்ணிட்டுத்தான் ஓடினேன். எனக்கு ஏன் சார்?"னு கேட்டான்.

நியாயமான கேள்வி. அவன் செஞ்சதைத்தான் நம்ம எல்லாருக்கும் டிரில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். குனி, காலைத் தொடு, 20 எண்ணு. இதைச் செஞ்சா அடிபடாதுன்னு சொன்னது யாருன்னு தேடிப் போனா கதை 200 வருஷம் பின்னால, ஸ்வீடன்ல ஆரம்பிக்குது.

பெர் ஹென்ரிக் லிங்னு ஒருத்தர். வாள்சண்டை ஆசிரியர். வாள் பயிற்சி செஞ்சதுல தன்னோட கைவலி குறைஞ்சதைப் பார்த்துத்தான் அவருக்கு உடற்பயிற்சியில ஈடுபாடு வந்ததுன்னு சொல்வாங்க. 1813-ல ஸ்டாக்ஹோம்ல ஒரு உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கினார். அவர் முறையோட அடையாளம்: வரிசையா நிற்கணும், ஆசிரியர் கட்டளை கொடுக்கணும், எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே நிலைக்கு வரணும். கை மேல, கை பக்கத்துல, குனி, நிமிர். கருவி தேவையில்ல, செலவும் இல்ல. ஒரே ஒரு ஆள் 200 பேரை ஆட்டி வைக்கலாம். ராணுவத்துக்கு வேற என்ன வேணும்?

பிரிட்டிஷ் ராணுவம் 1860-ல உடற்பயிற்சிக்குன்னே தனிப் பிரிவு வச்சது. முதல்ல பார், கயிறுன்னு கருவிகளோட நடந்தது, 20-ம் நூற்றாண்டு தொடக்கத்துல ஸ்வீடிஷ் முறைக்கு மாறினாங்க. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல டிரில் சொல்லிக்கொடுக்க வந்தவங்கள்ல பலர் ஓய்வு பெற்ற ராணுவக்காரங்க. 'டிரில் மாஸ்டர்'ங்கிற பேரே அங்கிருந்து வந்ததுதான். 1920-ல ஹாரி குரோ பக் சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்னைக்கும் நந்தனத்துல இருக்கு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிக்கிட்டுப் போனவரும் இவர்தான். உடற்கல்வி ஒரு முறையான படிப்பா இந்தியாவுல வேர் பிடிச்சது இந்தக் கல்லூரியில. ஆனா பள்ளிக்கூட மைதானத்துல அந்தப் பழைய "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" மட்டும் போகவே இல்ல.

"20 எண்ணு, அசையாத" இருக்கே, அது லிங் சொன்னதில்ல. அது அமெரிக்கச் சரக்கு. 1960-கள்ல ஹெர்பர்ட் டிவ்ரீஸ்னு ஒரு உடலியல் ஆய்வாளர், குதிச்சுக் குதிச்சு இழுக்கிறதும் அசையாம பிடிச்சு வைக்கிறதும் நெகிழ்வைக் கிட்டத்தட்ட ஒரே அளவு கூட்டுதுன்னு காட்டினார். பிடிச்சு வைக்கிறதுல ஆபத்து கம்மின்னு அதைப் பரிந்துரைச்சார். தசைவலி வர்றது தசை இறுகிப்போறதாலதான், இழுத்தா சரியாயிடும்ங்கிறது அவரோட கருத்து. அந்தக் கருத்து பிற்பாடு நிற்கல. ஆனா 1975-ல பாப் ஆண்டர்சன் படம் போட்டு எழுதின 'ஸ்ட்ரெட்சிங்' புத்தகம் லட்சக்கணக்குல வித்து, பழக்கம் உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

கவனிங்க. இதுவரைக்கும் ஸ்ட்ரெட்சிங் அடிபடுறதைத் தடுக்குமான்னு யாரும் பெரிய அளவுல சோதிச்சுப் பார்க்கல. நல்லாத் தோணுச்சு, செஞ்சாங்க. டாக்டர்களும்தான். நான் படிக்கிற காலத்துல எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க, நானும் நோயாளிகளுக்கு அப்படியே சொல்லியிருக்கேன்.

சோதிச்சது ஆஸ்திரேலிய ராணுவம். கபூக்காங்கிற பயிற்சி முகாம்ல புதுசாச் சேர்ந்த 1538 ஆண்கள். நம்ம பசங்க வயசுதான். ராட் போப்னு ஒரு ஆய்வாளர் அவங்களை ரெண்டாப் பிரிச்சார். ரெண்டு பக்கமும் வார்ம் அப் உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும் வார்ம் அப்போட சேர்த்து, காலோட 6 முக்கியத் தசைகளுக்கு ஒவ்வொண்ணுக்கும் 20 விநாடி ஸ்ட்ரெட்சிங். பயிற்சிக்காலம் முடியற வரைக்கும் இப்படி. முடிவு 2000-ல வெளியாச்சு. ஸ்ட்ரெட்சிங் செஞ்ச 735 பேர்ல 158 காயம், செய்யாத 803 பேர்ல 175 காயம். கணக்குப் போடுங்க: நூத்துக்கு 21.5, இன்னொரு பக்கம் 21.8. வித்தியாசமே இல்ல.

அதே ஆய்வுல இன்னொண்ணு இருந்தது, அதை யாரும் பெருசாப் பேசறதில்ல. முகாமுக்கு வந்து சேரும்போதே எவ்வளவு ஓடும் திறன் இருந்ததுன்னு அளந்திருந்தாங்க. ரொம்பக் கம்மியா இருந்தவங்களுக்கு, நல்லாத் தயாரா வந்தவங்களைவிட 14 மடங்கு அதிகமாக் கால்ல காயம் வந்தது. 14 மடங்கு! காலை இழுத்தானா இல்லையாங்கிறது விஷயமே இல்ல. தயாராகாத காலை திடீர்னு ஓட விட்டதுதான் விஷயம்.

இதுல புதுசாவும் எதுவும் இல்ல. 1855-லயே பிரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய ராணுவ டாக்டர், நீண்ட அணிவகுப்புக்கு அப்புறம் சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிக்குதுன்னு எழுதி வச்சார். காரணம் புரியல. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-லதான், அது எலும்பு விரிசல்னு தெரிஞ்சது. எலும்பு உயிருள்ள பொருள். அழுத்தம் வந்தா தன்னைப் புதுப்பிச்சுக்கும், ஆனா அதுக்கு வாரக்கணக்குல நேரம் வேணும். நேரம் கொடுக்காம தார் ரோட்டுல தினம் 8 கிலோமீட்டர் ஓடினா, கட்டுறதைவிட இடியறது வேகமா நடக்கும். கெண்டைச்சதையை இழுத்துவிட்டா எலும்பு எப்படி கெட்டியாகும்?

இன்னொரு பக்கம், 1998-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு. நீண்ட நேரம் ஸ்ட்ரெட்சிங் செஞ்ச உடனே அளந்தா, தொடைத் தசையோட உச்சபட்ச பலம் 7-8 சதவீதம் குறைஞ்சிருந்தது. இதைக் கேட்டுட்டு சில பேர் "ஸ்ட்ரெட்சிங்கே விஷம்"னு கிளம்பினாங்க. அதுவும் தப்பு. 30 விநாடிக்குள்ள விட்டுட்டா பெரிய இழப்பு இல்லைன்னு பின்னால வந்த ஆய்வுகள் காட்டுச்சு. ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல பிடிச்சுட்டு உடனே நீளம் தாண்டப் போனாத்தான் நஷ்டம்.

அப்போ எதுதான் காப்பாத்துது? 2014-ல டென்மார்க் ஆய்வாளர்கள் 25 ஆய்வுகளைச் சேர்த்து, 26,000-க்கும் மேற்பட்டவங்களோட கணக்கைப் பார்த்தாங்க. ஸ்ட்ரெட்சிங்னால காயம் குறையல. வலுப்பயிற்சியால விளையாட்டுக் காயங்கள் மூணுல ஒரு பங்குக்கும் கீழ இறங்குச்சு. கால்பந்துக்கு வந்த 'ஃபிஃபா 11 பிளஸ்' வார்ம் அப்ல மெதுஓட்டம், வலு, தாவல், பேலன்ஸ் இதுதான் இருக்கு, அசையாம பிடிச்சு நிற்கிறது இல்ல. நார்வேயில பதின்வயசுப் பெண்கள்கிட்ட சோதிச்சப்போ கடுமையான காயங்கள் குறைஞ்சது.

"அப்போ உடம்பு நெகிழ்வு வேண்டாமா டாக்டர்?" வேணும். மூட்டு முழு அளவுக்கு அசையணும். ஆனா அதுக்கு இழுத்துப் பிடிக்கிறது ஒண்ணுதான் வழின்னு இல்ல. முழு ஆழத்துக்கு இறங்கிச் செய்யற வலுப்பயிற்சி, ஸ்ட்ரெட்சிங் அளவுக்கே நெகிழ்வைக் கொடுக்குதுன்னு 2021-ல ஒரு தொகுப்பாய்வு சொல்லுது.

முழு ஆழத்துக்கு இறங்கி எழறது. பஸ்கி! உடம்பைத் தரையோட இறக்கி, முன்னால தள்ளி எழறது. தண்டால்! இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

கர்லாக்கட்டையோட கதை இன்னும் சுவாரஸ்யம். நம்ம ஊர்ல சிலம்பக் கூடத்துலயும் மல்யுத்தக் களத்துலயும் சுத்தினது. தோள் மூட்டை முழு வட்டத்துக்கும் கொண்டுபோற பயிற்சி, அதுவும் பாரத்தோட. 19-ம் நூற்றாண்டுல பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாங்க. 1866-ல நியூயார்க்ல சிம் கீஹோங்கிறவர் இதுக்குன்னே புத்தகம் போட்டார். 1904, 1932 ஒலிம்பிக்ல ஜிம்னாஸ்டிக்ஸ்ல ஒரு போட்டியாவே நடந்தது. அங்க 'இந்தியன் கிளப்'னு ஒலிம்பிக் பதக்கம் கொடுத்துக்கிட்டிருந்தாங்க, இங்க அதை 'ரவுடிப் பசங்க சமாச்சாரம்'னு ஒதுக்கிட்டு நம்ம பள்ளிக்கூடங்கள் ஸ்வீடன்காரர் சொன்னதைச் செஞ்சுக்கிட்டிருந்தது.

உடனே "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல"ன்னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. கர்லா சுத்தறது தோளுக்கு. அது காலெலும்பைக் காப்பாத்தாது. தருமபுரி மியூசியத்துல நடுகற்களைப் போய்ப் பாருங்க. வில்லோட, வாளோட, முழங்கால் மடக்கி நிற்கிற வீரர்கள். பார்க்கும்போதெல்லாம் இடுப்பும் தொடையும் என்ன பலமா இருந்திருக்கும்னு யோசிப்பேன். ஆனா நடுகல் சண்டையில செத்தவனுக்கு வைக்கிறது, அவன் என்ன வார்ம் அப் செஞ்சான்னு அது சொல்லாது. பஸ்கி நல்லதுன்னு நான் சொல்றது பழசுங்கிறதால இல்ல, வலுப்பயிற்சி சோதனையில தேறினதால.

சரி, நாளைக்குக் காலையில என்ன செய்யணும்? 5 நிமிஷம் வேக நடை, மெதுஓட்டம். அப்புறம் அசைஞ்சுகிட்டே செய்யறது: காலை முன்னும் பின்னும் வீசறது, முழங்காலை உயர்த்தி நடக்கிறது, நீண்ட எட்டு வச்சு இறங்கி எழறது. கடைசியா 50 மீட்டர் ஓட்டம் மூணு தடவை, ஒவ்வொண்ணும் முந்தினதைவிட வேகமா. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். வாரத்துல ரெண்டு மூணு நாள் பஸ்கி, படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலை ஏத்தி இறக்கறது. ஸ்ட்ரெட்சிங் பிடிச்சிருந்தா சாயங்காலம் தாராளமாச் செய்யுங்க, யோகாவும் அப்படியே. ஓட்டத்தை வாரா வாரம் கொஞ்சமாக் கூட்டுங்க. நோட்டிஃபிகேஷன் வந்த அன்னைக்கு ஆரம்பிக்கிறதுதான் ஆபத்தே. முடிஞ்சவரைக்கும் மண் தரையில ஓடுங்க. வெறும் வயித்துல ஓடிட்டு ஒரு டீயோட காலை சாப்பாட்டை முடிச்சுக்கிறீங்க பாருங்க, அதை நிறுத்துங்க. களியும் முட்டையும் வீட்டுலயே இருக்கு.

முன்னெலும்பு முழுக்கப் பரவலா வலிச்சு, ஓய்வுல குறைஞ்சா ஓட்டத்தைக் குறைச்சுப் பாருங்க. ஒரே புள்ளியில வலி, அழுத்தினா உயிர் போகுது, ராத்திரியும் வலிக்குதுன்னா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. முதல் 2-3 வாரம் எக்ஸ்ரேயில விரிசல் தெரியாமப் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல், ஓடு'ன்னு யாராவது சொன்னா ஓடாதீங்க, எம்.ஆர்.ஐ. தேவையான்னு கேளுங்க. வலி ஊசி போட்டுக்கிட்டு ஓடி, விரிசல் முழு முறிவா மாறி வந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

அந்தத் தம்பி இந்தத் தேர்வுக்குப் போகல. அவன் அப்பாகிட்ட சொல்றதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. இப்போ 5-வது வாரம், வலியில்லாம நடக்கிறான். அடுத்த அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே பஸ்கியை ஆரம்பிக்கணும்னு தேதி குறிச்சுக் கொடுத்திருக்கேன்.