இருபத்தைந்து நிமிஷக் கோழி

போன வாரம் அம்மா ஊருக்குப் போய்விட்டார்கள். காலேஜ் முடிந்து பாரிவாக்கம் வந்து சேரும்போது மணி எட்டு. சமையல் என் தலையில். ஒரே வடசட்டிதான். இரண்டு ஸ்பூன் எண்ணெய், வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, தோல் உரித்த அரை கிலோ கோழி. பாதி வெந்ததும் கேரட், பீன்ஸ், குடைமிளகாய், மிளகுத்தூள், உப்பு. மூடி வைத்தேன். இருபத்தைந்து நிமிஷத்தில் சாப்பாடு ரெடி. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன் :-)

ஆயா சிரித்தார். "இது பஞ்சு மாதிரி கோழிடா. எங்க காலத்துல சேவல் அடிச்சா வேகவே ஒன்றரை மணி நேரம் ஆவும்."

அப்படியென்றால் மிச்சமான அந்த ஒரு மணி நேரம் யாருடைய கணக்கில் போனது? காமர்ஸ் படிப்பவனுக்கு வரவு என்று ஒன்று இருந்தால் பற்று என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும். தேடிப் பார்த்தேன்.

கோழி மனிதனிடம் வந்த கதை அரிசியில் தொடங்குகிறது. உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய வீட்டுக் கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நான் வாட்டில் கிடைத்தவை என்று 2022-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை. சிந்திய தானியத்தைப் பொறுக்க வந்த காட்டுக்கோழி அப்படியே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மூவாயிரம் வருஷம் அவசரமே இல்லை. அமெரிக்காவில்கூட 1925-ல் ஒரு கோழி விற்பனைக்கு வர 112 நாள் ஆனது, எடையோ ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். 1948-ல் அங்கே 'நாளைய கோழி' என்றொரு போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. பண்ணையாளர்கள் அனுப்பிய முட்டைகளைப் பொரிக்க வைத்து, ஒரே மாதிரி தீனி போட்டு வளர்த்து, சதைப்பற்றை ஒப்பிட்டார்கள். கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ் வளர்த்த கலப்பினம் ஜெயித்தது. இன்றைய பிராய்லருக்கு அடித்தளம் போட்ட போட்டிகளில் இது முக்கியமானது.

இந்தியாவில் 1971-ல் பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கினார். நம் பக்கம் 1984-ல் உடுமலைப்பேட்டையில் சுகுணா பிறந்தது. 1990களில் ஒப்பந்த வளர்ப்பு பரவியது. குஞ்சு, தீனி, மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

இப்போது சுமார் நாற்பதே நாளில் இரண்டு கிலோ. கோழிக்கு வயதாகி, ஓடியாடித் திரிந்தால்தான் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் இறுகும். பிராய்லருக்கு அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. அதனால்தான் சட்டியில் சீக்கிரம் வேகிறது.

ஆக, பற்று எழுதவேண்டிய இடம் தெரிந்துவிட்டது. ஒன்று, ஓடாத கோழி. இன்னொன்று, கோழி தனக்குச் சொந்தமில்லாமல் அதை ராப்பகலாகக் காக்கும் விவசாயி. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கேட்டுப் பல்லடம் பக்கம் அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். விலை குறைந்தபோது சந்தோஷப்பட்ட நான் அந்தச் செய்தியைப் படித்ததே இல்லை.

இதற்காகக் கோழியை விட்டுவிடப் போவதில்லை. எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் "நான் சீக்கிரம் சமைத்தேன்" என்று இனிமேல் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆயாவோடு உட்கார்ந்து ஒரு நாட்டுக்கோழியை ஒன்றரை மணி நேரம் வேகவைக்கப் போகிறேன். அந்த நேரத்தில் கதை கேட்கலாமே!