நஞ்சுக்கொடி விழ உதவிய நஞ்சு



நேற்று என்னிடம் படித்த மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது பத்து கறவை மாடு வைத்திருக்கிறான். "சார், தாது உப்பை ரெண்டு பங்கா வச்சா மாடு சீக்கிரம் சினை பிடிக்குமா? மடிநோயும் வராதுன்னு சொல்றாங்களே?" என்றான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் எழுதுகிறேன்.

செலினியம் என்று ஒரு தாது. 1817-ல் சுவீடனில் பெர்சீலியஸ் கண்டுபிடித்தார். முதலில் அது விஷமாகத்தான் பேர் வாங்கியது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா பகுதியில் மாடு, குதிரைகளுக்கு வால்மயிர் உதிரும், குளம்பு கழலும். உப்புத் தண்ணீர் குடிப்பதால் வருகிறது என்று மக்கள் நம்பினார்கள். 1930-களில்தான் உண்மை தெரிந்தது. அங்கே மண்ணில் செலினியம் அதிகம். புல் வழியாகவும் தானியம் வழியாகவும் அது மாட்டுக்குள் போயிருக்கிறது. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆல்வின் மாக்சன்.

1957-ல் கதை திரும்பியது. எலியின் ஈரல் கெடாமல் இருக்க இதே செலினியம் துளியளவு வேண்டும் என்று கிளாஸ் ஷ்வார்ட்ஸ் காட்டினார். உடம்பின் செல்களைக் காக்கும் ஒரு நொதிக்குள் அது இருப்பது 1973-ல் தெரிந்தது.

அடுத்து ஒஹாயோ மாநிலம். கன்று ஈனுவதற்கு முன்பே பசுக்களுக்குச் செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது குறைந்தது. 1976-ல் வந்த அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே மாக்சன்! விஷம் என்று ஆராய்ந்தவரே அதை மருந்தாகவும் பார்த்தார். 1984-ல் அதே ஒஹாயோவில், மடிநோய் வந்தாலும் நீடிக்கும் நாட்கள் குறைவதைக் கண்டார்கள். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களுக்கு இந்தத் தாது துணை.

சிறுவயதில் எங்கள் செவலைப் பசுவுக்குக் கொடி விழவில்லை. மூன்றாம் நாள் தொழுவமே நாறியது. அப்புறம் அது சினையே பிடிக்கவில்லை. அப்பா சந்தைக்கு ஓட்டிப்போன அன்று அம்மா சாப்பிடவில்லை. கொடி தங்கப் பல காரணங்கள் உண்டு. தாதுக்குறை அதில் ஒன்று என்று அன்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இப்போது அளவைப் பாருங்கள். 1987-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது ஒரு கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம். ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் அரை கிராம்கூட வராது. அதுவே கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டி நாள்கணக்கில் உள்ளே போனால் குளம்பு கழலும் பழைய நோய்தான்.

அதனால் அவனிடம் சொன்னேன்: "ரெண்டு பங்கு வைக்காதே தம்பி. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டு. எந்தத் தாது குறையோ அதை மட்டும், அவர் சொல்ற அளவு வை."

மாடு வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அளவைப் பாடம் நடத்தும்போது தூங்கியவர்கள் இரண்டு தடவை படிக்கவும்!