முத்துப் பாரும் வரவுக் கணிப்பும்: நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தில் விடுபட்ட ஒரு கடமை

அரசுக்கு எவ்வளவு வரவு வரும் என்று கணிப்பவர் யார்? கணிப்பு பொய்த்தால் விடை சொல்ல வேண்டியவர் யார்? நம் நிதிச் சட்டங்கள் முதல் கேள்விக்கு அரைகுறையாகவே விடை தருகின்றன, இரண்டாவதற்குத் தெளிவான விடை தருவதில்லை. இந்தக் குறை எவ்வளவு பழையது என்பதைப் பாஞ்சாலங்குறிச்சிச் சீமையும் அதை அடுத்த முத்துக் கடலும் காட்டுகின்றன.

ஆற்காட்டு நவாப் முகமது அலி கடனில் மூழ்கியிருந்த நிலையில், 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. தொகையோ முன்பே குறிக்கப்பட்டது, கொடுக்க வேண்டிய நிலமோ வானம் பார்த்த பூமி. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் எதிர்ப்பை வெறும் கப்பப் பாக்கித் தகராறாகச் சுருக்குவது பிழை. ஆனாலும் கலெக்டர் ஜாக்சனோடு 1798இல் மூண்ட மோதலுக்கு அந்தப் பாக்கிதான் உடனடிக் காரணம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மழை பொய்த்தாலும் மாறாத கணக்கு, வரவை வாங்குபவரின் தேவையிலிருந்து பிறந்த கணக்கு.

மன்னார் வளைகுடாவில் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். கடலுக்கடியில் கிடந்த சிப்பியை மதிப்பிட அவர்களிடம் ஓர் ஒழுங்கான முறை இருந்தது. இலங்கைப் பக்கத்தில் முத்துக்குளிப்புக்கு முந்தைய பருவத்திலேயே பார்களை, அதாவது கடலடிச் சிப்பிப் படுகைகளை, சோதித்தார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை வெவ்வேறு துளையளவுள்ள சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று மதிப்பிட்ட பிறகே சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிக்கப்பட்டது. இவ்வளவு கவனமும் ஒரு பருவத்துக்குத்தான் செல்லுபடியாகும். சிப்பி முற்றச் சில ஆண்டுகள் ஆகும், அதற்குள் பார் முழுவதும் அழிந்துபோகவும் கூடும். ஆனால் 1905இல் கண்ட பெருவிளைச்சலின் உற்சாகத்தில், 1906இல் இலங்கை முத்துக்குளிப்புக் கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு அதற்குச் சலாபம் வாய்க்கவே இல்லை, கம்பெனியைக் கலைக்க வேண்டியதாயிற்று. ஒரு நல்ல ஆண்டை வைத்து இருபது ஆண்டுகளைக் கணித்ததே அதன் தவறு. தூத்துக்குடிக் கரையிலும் சலாபங்களுக்கு இடையே பல்லாண்டு இடைவெளி விழுவது வழக்கமே. அங்கே கடைசியாக முத்துக்குளித்தது 1961இல்.

இனி இன்றைய சட்டம். அரசியலமைப்பின் 202ஆம் பிரிவு மாநில அரசு ஆண்டுதோறும் மதிப்பிடப்பட்ட வரவு செலவுகளைப் பேரவை முன் வைக்கக் கோருகிறது. அந்த மதிப்பீடு எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று சொல்வதில்லை. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் நடுத்தரக் கால நிதித் திட்டத்தைக் கட்டாயமாக்கியது பெரிய முன்னேற்றம். மத்திய அரசின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தால் மூன்றாண்டுச் செலவுக் கணிப்பு சேர்ந்தது. எனினும் இச்சட்டங்களின் கவனமெல்லாம் பற்றாக்குறை இலக்கின் மேல்தான். இலக்கு தவறினால் அதன் ஆண்டைத் திருத்தத்தால் தள்ளிவைக்கலாம், தள்ளியும் வைத்திருக்கிறோம். கணிப்பு பிழைத்ததற்கான காரணத்தை ஆண்டுதோறும் அறிக்கையாக எழுதித் தரும்படி எவரையும் அவை கட்டாயப்படுத்துவதில்லை.

2019-20ஐப் பாருங்கள். தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 14,315 கோடி ரூபாய் என்று நிதிநிலை அறிக்கை மதிப்பிட்டது. திருத்த மதிப்பீட்டில் அது சுமார் 25,072 கோடி. இறுதிக் கணக்கில் 35,000 கோடியைத் தாண்டிவிட்டது. பெருந்தொற்று அந்த நிதியாண்டின் கடைசி வாரங்களில்தான் வந்தது, ஆகவே முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. நிதி நிலைமையை மக்கள் முன் வைக்க 2021 ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியானது, நல்லதே. ஆனால் அது ஆட்சி மாறியதால் வந்த அறிக்கை, சட்டம் கேட்டு வந்ததல்ல.

பிரிட்டனில் 2010இல் அமைந்த சுயாட்சியுள்ள வரவு செலவுப் பொறுப்பு அலுவலகம் தன் கணிப்புகள் எங்கே பிழைத்தன என்று ஆண்டுதோறும் தானே வெளியிடுகிறது. இந்தியாவிலும் மத்தியச் சட்டத்தை ஆராய்ந்த என்.கே. சிங் குழு 2017இல் நிதி மன்றம் ஒன்று வேண்டுமென்று பரிந்துரைத்தது, இன்னும் அது அமையவில்லை. டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2003 சட்டத்தில் பேரவை ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்: வரி, மானியம், செலவு ஒவ்வொன்றிலும் முந்தைய மூன்றாண்டு மதிப்பீட்டையும் இறுதிக் கணக்கையும் அருகருகே வைத்து, இடைவெளிக்கான காரணத்தை நிதித்துறை எழுத்தில் தர வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்.