சமாதிக்கு நிலம் முன்னரே தேர்தல்

உயிர் நீங்கிய உடலை எரியூட்டிச் சாம்பரையும் என்பையும் புனலிற் கரைத்தல் இல்லறத்தார்க்குப் பெருவழக்கு. ஞானியர் திருமேனிக்கு அது விதியன்று. அதனைத் தீயிலிடுதல் திருக்கோயிலுக்கு எரியிடுதலோடொக்கும், மழையும் பொய்க்கும் எனத் திருமூலர் திருமந்திரத்து ஏழாந் தந்திரத்தில், சமாதிக் கிரியை என்னும் பகுதியில் விலக்கியருளினார். மனைப்புறம், குளக்கரை, மலர்ச்சோலை, மலைச்சாரல் முதலியன குகைக்கு உரிய இடங்களாம். ஆழம் 9 சாண். ஐம்பொன்னும் நவமணியும் இட்டு, ஆசனம் அமைத்து, முஞ்சிப்புல் பரப்பி, அதன்மேல் வெண்ணீறு இடல் வேண்டும். ஈண்டு உடல் நீறாவதில்லை. நீறே உடலுக்கு அணையாகின்றது.

இத்துணையும் ஓரிரவில் ஆவதன்று. ஆயினும், குரு இருக்கும்போதே குழிக்கு நிலம் நாடுதல் அமங்கலமென மாணாக்கர் வாளாவிருப்பர். பின்னர் இடமின்றி அலமருவர். பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் அவ்விடர்க்கு இடம் வைத்திலர். திருவான்மியூரில் நிலம் பார்க்குமாறு அன்பர்க்குத் தாமே பணித்து, வாழுங்காலத்திலேயே அதனை வாங்குவித்தார். 1929 மே 30ஆம் நாள் சுவாமிகள் பரிபூரணம் எய்தினர். மறுநாள் திருமேனி அந்நிலத்திலேயே சமாதி செய்யப்பெற்றது. அக்காலத்துச் சென்னைக்குப் புறம்பே கிடந்த அச்சிற்றூர் இன்று நகரினுள் அடங்கியது. வைகாசிதோறும் குருபூசைக்கு அடியார் திரள்வது அங்கேதான்.