ஹோய் ஆன்: துறைமுகமும் அடுப்பங்கரையும்

வியத்நாம் நாட்டின் நடுப்பகுதியில், தூபோன் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே ஹோய் ஆன் என்னும் சிறு நகரம் இருக்கிறது. முற்கால ஐரோப்பியர் இதனை ஃபைஃபோ என்று எழுதினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஜப்பானியரும் சீனரும் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் பட்டும் அகிலும் மிளகும் நாடி இங்கு வந்தனர். வடகிழக்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள், திரும்பிச் செல்லத் தென்மேற்குக் காற்றுக்காகப் பல திங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோர் வீடு கட்டினர், மணம் புரிந்தனர், தத்தம் நாட்டுச் சமையலையும் கரையிறக்கினர்.

1635-ல் ஜப்பானிய அரசு தன் குடிகள் கடல் கடப்பதைத் தடை செய்தது. இங்கிருந்த ஜப்பானியர் குடியிருப்பு தேய்ந்து மறைந்தது. அவர்கள் பெயரைச் சொல்லக் கூரை வேய்ந்த பாலம் ஒன்று நிற்கிறது. 1719-ல் நுயென் மரபின் தலைவர் அதற்குச் சூட்டிய பெயரின் பொருள், ‘தொலைவிலிருந்து வருவோரின் பாலம்’ என்பதாம்.

சமையலுக்கும் வரலாற்றில் சான்று உண்டோ எனின், உண்டு. கிறிஸ்தொபொரோ போரி என்னும் இத்தாலியப் பாதிரியார் 1618 முதல் சில ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தவர். 1631-ல் வெளியான தம் நூலில், மீனை உப்பிட்டு ஊறவைத்து எடுக்கும் சாற்றை மக்கள் சோற்றோடு உண்பதையும், ஐரோப்பியர் மதுவைச் சேமிப்பதுபோல் அதனைச் சேமித்து வைப்பதையும் அவர் குறிக்கிறார். அச்சாறே இன்றைய நுவோக் மாம்.

நான் அங்குச் சென்றிருந்தபோது பயணிகளுக்கான சமையல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆயுள் முழுதும் கரும்பலகையின் முன் நின்றவனுக்கு மாணவர் வரிசையில் அமர்வது புதுமைதான்! ஆசிரியையான அம்மையார் முதலில் எங்களைச் சந்தைக்கு அழைத்துச் சென்று கீரைகளை முகரச் செய்தார். பின்னர் அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, காய்ந்த சட்டியில் ஊற்றி, இறாலும் முளைப்பயறும் இட்டு மடித்தார். பான் ஸெயோ என்பது அதன் பெயர். ‘ஸெயோ’ என்பது மாவு சட்டியில் விழும் ஓசை. நாம் ‘சொய்’ என்போமே, அதுவே.

உடனிருந்த சென்னை அன்பர் ஒருவர், “இது நம் தோசை ஐயா! சம்பா நாட்டார் வழியாக வந்திருக்க வேண்டும்” என்றார். அம்மையாரின் மாவில் உளுந்து இல்லை. அது புளிக்கவும் இல்லை. அரிசி விளையும் நாட்டில் அரிசிமாவைச் சட்டியில் ஊற்ற எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. உருவ ஒற்றுமை ஒன்றையே சான்றாகக் கொள்வது, விடைத்தாளில் விடை மட்டும் எழுதி, வழியை விட்டுவிடும் மாணவன் செயலைப் போன்றது.

மெய்யான தொடர்புக்கோ குறைவில்லை. ஹோய் ஆனிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில் மீ சோன் பள்ளத்தாக்கில் சம்பா அரசர்களின் செங்கற் கோயில்கள் உள்ளன. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் பத்ரேசுவரர்க்குக் கோயில் எடுத்ததை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அப்பள்ளத்தாக்கின் மிகப் பெரிய கோபுரம் 1969-ல் அமெரிக்க விமானக் குண்டுகளால் வீழ்ந்தது. அதன் செங்கற்குவியலைக் கண்டபின் அந்த அன்பரும் தோசையைப் பற்றிப் பேசவில்லை.

ஆறு மணலால் தூர்ந்ததால் பெருங்கப்பல்கள் தானாங்குக்குச் சென்றன. வணிகம் போனது, ஆனால் பழைய வீடுகளை இடித்துக் கட்டவும் எவரும் வரவில்லை. 1999-ல் யுனெஸ்கோ நிறுவனம் ஹோய் ஆனையும் மீ சோனையும் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அவ்வூரின் காவ் லாவ் என்னும் தடித்த நூலப்பத்தை ஜப்பானியர் தந்ததென்று சிலரும், சீனர் தந்ததென்று சிலரும் சொல்லுகின்றனர். ஆசிரியையை வினவினேன். “இவ்வூர்க் கிணற்று நீரில் செய்வது, ஆகவே இவ்வூருடையது” என்று கூறிவிட்டு அடுப்பைத் தணித்தார்.