ஆளுநரின் ஆணைப்படி: ஒரு கையெழுத்தின் வேகமும் தாமதமும்

மீமிசலிலோ அதையொத்த கடலோரச் சிற்றூர் ஒன்றிலோ வீட்டுமனைப் பட்டாவுக்காகவும் சுடுகாட்டுப் பாதைக்காகவும் எழுதப்படும் மனுக்கள் ஆவுடையார்கோயில் வட்டாட்சியருக்கும் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியருக்கும் போகின்றன. கிண்டிக்குப் போவதில்லை, போனாலும் ‘நகல்’ பட்டியலில் ஒரு பெயராகத்தான் அந்த மாளிகை இடம்பெறும். ஆனால் மனுவுக்கு ஆதாரமாக நாம் இணைக்கும் அரசாணையைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினால், துறைச் செயலாளரின் பெயருக்கு மேலே ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்னும் சொற்றொடர் அச்சாகியிருக்கும். மாநில அரசின் நிர்வாகச் செயல்கள் அனைத்தும் ஆளுநரின் பெயராலேயே வெளிப்பட வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 166ஆம் உறுப்பு. பெயர் அவருடையது, முடிவு அமைச்சரவையுடையது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஆளுநர் பதவியின் வரலாறு முழுவதும் நடந்திருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் ஆளுநர் பற்றிய விவாதம் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியாகவே பேசப்படுகிறது. அது தேவையான விவாதமே. மாநில உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் தலித் இயக்கங்களில் பணியாற்றும் தோழர்களும் சட்டம் பயிலும் மாணவர்களும் அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேனா யாருக்காக விரைந்தது, யாருக்காகத் தயங்கியது என்பதே அக்கேள்வி.

கோட்டையின் காலம்

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைமை குறித்து அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையும் நமக்கு நன்கு தெரிந்தவை. பஞ்சமி நிலம் என்று இன்றுவரை நாம் உரிமை கோரும் நிலங்களின் தொடக்கம் அதுதான். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் வென்லாக் பிரபு. அன்றைய ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தம் நிர்வாகக் குழுவுடன் சேர்ந்து அவரே அரசாங்கம். நிலத்தைப் பிற சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்னும் நிபந்தனை காகிதத்தில் நின்றது, கிராமத்தில் நிற்கவில்லை. ஆணையிட்டவரிடம் அதைக் கண்காணிக்கும் கை இல்லை.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு 5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவை தேர்தலால் அல்ல, ஆளுநரின் நியமனத்தால் நிரப்பப்பட்டவை. எம்.சி. ராஜாவும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் அவ்வழியே அவைக்குள் நுழைந்தனர். பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றை அனைவருக்கும் திறந்துவிடக் கோரி இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொண்டுவந்த தீர்மானம் அரசாணையாக வெளிவந்ததை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆனால் அந்த நாற்காலி ஆளுநரின் தயவில் கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1927இல் நியமன உறுப்பினராக அமர்ந்த அண்ணல் அம்பேத்கர், நியமனம் என்னும் முறையையே ஏற்காமல், தேர்தல் வழியிலான பிரதிநிதித்துவத்தை சைமன் குழுவின் முன்பும் வட்டமேசை மாநாட்டிலும் வலியுறுத்தியதன் பொருள் இதுதான்.

ஆலய நுழைவுச் சட்டத்தின் கதை இன்றைய ‘ஒப்புதல்’ விவாதத்திற்கு ஒரு முன்னோட்டம்போல் அமைந்திருக்கிறது. சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதா கொண்டுவர டாக்டர் சுப்பராயன் முயன்றபோது, அதற்குத் தேவையான முன் அனுமதியை 1933 ஜனவரியில் மறுத்தவர் வைசிராய் வில்லிங்டன். அவர் 1919 முதல் 1924 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர். இம்மாகாணத்தின் சாதி நிலைமை அவருக்குத் தெரியாததல்ல. ஆறு ஆண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். வழக்குகள் எழும் என்ற நிலை வந்ததும், ராஜாஜி அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் எர்ஸ்கின் உடனடியாக அவசரச் சட்டம் பிறப்பித்தார். சட்டமன்றம் அதே ஆண்டில் அதை முறையான சட்டமாக்கியது. கையெழுத்து ஒரே நாளில் போடக்கூடியதுதான் என்பதற்கு இது நல்ல சான்று.

குடியரசின் ஆளுநர்கள்

ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பது என்றுதான் அரசியல் நிர்ணய சபை முதலில் கருதியது. 1949 மே மாத இறுதியில் அது கைவிடப்பட்டு, குடியரசுத் தலைவரின் நியமனம் ஏற்கப்பட்டது. ஆளுநருக்குத் தாமே நிறைவேற்றும் அதிகாரங்கள் என எவையும் இல்லை, கடமைகளே உண்டு என்பது அந்த விவாதத்தில் அம்பேத்கர் முன்வைத்த விளக்கம். அதிகாரமே இல்லாத பதவிக்குத் தேர்தல் எதற்கு என்பதே வாதத்தின் சாரம். அண்ணலின் இந்த நம்பிக்கையைப் பின்வந்த எழுபது ஆண்டுகள் காப்பாற்றவில்லை.

விடுதலைக்குப் பின் சென்னையின் முதல் இந்திய ஆளுநர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங். அவருக்குப் பின் வந்த ஸ்ரீபிரகாசா 1952 தேர்தலில் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரசை ஆட்சியமைக்க அழைத்தார். தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவை உறுப்பினராகவும் நியமித்தார். இதை எதிர்த்துப் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. அரசியல் வரலாற்று நூல்கள் இதைக் கட்சிகளுக்கிடையிலான கணக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். நமக்கு அது அங்கே முடிவதில்லை. அப்படி அமைந்த ஆட்சிதான் 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் தந்தையின் தொழில் என்னும் குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரான பிறகே அது கைவிடப்பட்டது. ஓர் ஆளுநரின் நியமனக் கடிதத்துக்கும் ஒரு சேரிப் பிள்ளையின் பள்ளி நேரத்துக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு உண்டு.

மற்றவர்களைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். கே.கே. ஷாவின் அறிக்கையைக் கொண்டு 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. 1991இல் அத்தகைய அறிக்கை தர சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தார். அறிக்கை இல்லாமலேயே ஆட்சி கலைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் தமிழ்நாட்டின் ஒரே பெண் ஆளுநருமான பாத்திமா பீவி 2001 மே மாதம் ஜெயலலிதாவுக்குச் செய்துவைத்த பதவியேற்பு, அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. பர்னாலா 2004இல் மீண்டும் இங்கு ஆளுநராக வந்தார். பட்டியலினத்தாருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு அளிக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தில் எவ்விதச் சிக்கலுமின்றி நடைமுறைக்கு வந்தது.

மேலவளவும் 161ஆம் உறுப்பும்

தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் ஆளுநருக்கு 161ஆம் உறுப்பு அதிகாரம் தருகிறது. இந்த ஒரு பிரிவை வைத்தே பதவியின் முழு இயல்பையும் விளக்கிவிடலாம் என்று நாம் கருதுகிறோம்.

மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் வழியில், பேருந்து மறிக்கப்பட்டுத் தம்முடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். தனி ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அவர் செய்த ‘குற்றம்’. 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2008இல், அண்ணா நூற்றாண்டையொட்டி மூவர் விடுவிக்கப்பட்டிருந்தனர். ஒருவர் இறந்துபோனார். எஞ்சிய 13 பேரும் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2019 நவம்பரில், 161ஆம் உறுப்பின்கீழ், ஆளுநரின் பெயரால் விடுவிக்கப்பட்டனர். ஒரு விடுதலை தி.மு.க. ஆட்சியில் நடந்தது, மற்றொன்று அ.தி.மு.க. ஆட்சியில் நடந்தது. தலைவர்களின் நூற்றாண்டு விழாக்களில் சாதிக் கொலையாளிகளுக்குப் பரிசளிப்பதில் இரு கழகங்களுக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

அதே நவம்பரில் அதே ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தின் மேசையில் இன்னொரு கோப்பு கிடந்தது. பேரறிவாளன் உள்ளிட்ட ஏழு பேரை விடுவிக்கலாம் என அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று அளித்த பரிந்துரை அது. இரண்டாண்டுகளுக்கு மேல் அதில் முடிவெடுக்காமல், 2021 ஜனவரியில் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார் ஆளுநர். அவ்வாறு அனுப்ப அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை, அமைச்சரவையின் ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது.

பேரறிவாளன் விடுதலையை நாம் குறைசொல்லவில்லை. அது தாமதமான நீதி. நாம் சுட்ட விரும்புவது வேறு. ஒரே ஆளுநர், ஒரே அமைச்சரவை, ஒரே சட்டப்பிரிவு. ஒன்றில் அமைச்சரவை சொன்னபடி கையெழுத்து. மற்றொன்றில் அமைச்சரவை சொல்லியும் மௌனம். முதலாவதைக் கேட்டால் ‘ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர்’ என்பார்கள். இரண்டாவதைக் கேட்டால் ‘தனி விருப்புரிமை’ என்பார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களை ஒரு சொல் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இந்த இரண்டு விளக்கத்திலும் வருவதில்லை.

மன்னிப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயவே முடியாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆந்திர ஆளுநராக இருந்த சுசில்குமார் ஷிண்டே, காங்கிரஸ் பிரமுகர் ஒருவருக்கு 2005இல் அளித்த தண்டனைக் குறைப்பை எப்புரு சுதாகர் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதி, மதம், அரசியல் விசுவாசம் ஆகியவை மன்னிப்புக்கு அடிப்படையாகக் கூடாது என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. வழக்குத் தொடுத்தவர் கொல்லப்பட்டவரின் மகன்.

ஷிண்டே தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். நம்மவர் ஒருவர் அந்த மாளிகையில் அமர்ந்தால் எல்லாம் மாறும் என்ற எதிர்பார்ப்பை இது சற்றே கலைக்கிறது. இந்தியக் குடியரசுக் கட்சித் தலைவர் ஆர்.எஸ். கவாய் கேரள ஆளுநராக இருந்தபோது, 2009இல், லாவலின் வழக்கில் பினராயி விஜயன்மீது வழக்குத் தொடர அமைச்சரவையின் ஆலோசனைக்கு மாறாக அனுமதி அளித்தார். குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனோ, 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியையும் 1998இல் பீகார் ஆட்சியையும் கலைக்கும் பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பினார். மூவரும் ஒரே சமூகப் பின்புலம் கொண்டவர்கள் என்று சொல்லி இவற்றை ஒரே தராசில் வைக்க இயலாது.

கிடப்பில் போடும் கலை

200ஆம் உறுப்பின்படி மசோதாவுக்கு ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். எத்தனை நாளுக்குள் என்று எழுதப்படவில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் மசோதா 2020 செப்டம்பரில் நிறைவேறி ஆளுநரிடம் காத்திருந்தது. கலந்தாய்வு நெருங்கியதும் பொறுக்காமல் அக்டோபர் 29 அன்று அரசு நிர்வாக ஆணை பிறப்பித்தது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதல் வந்தது! நீட் விலக்கு மசோதாவுக்கு அந்த நல்வாய்ப்பும் கிட்டவில்லை: 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் ஆளுநர் ஆர்.என். ரவியால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, இறுதியில் குடியரசுத் தலைவரால் மறுக்கப்பட்டது. அனிதாவின் பெயரைச் சொல்லி இயற்றப்பட்ட எதிர்ப்பு அங்கே முடங்கியது.

டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத் திருத்தம் உள்ளிட்ட 10 மசோதாக்கள் தொடர்பாக 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்து, ஒப்புதல் கிடைத்ததாகவே கருதியது. குடியரசுத் தலைவர் கேட்ட 14 வினாக்களின்மீது அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு வேறு கருத்துக் கூறியது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதலைக் கருதிக்கொள்ளவும் முடியாது; ஆனால் காரணமின்றி நீண்டகாலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்குமாறு பணிக்கலாம். அந்த அமர்வுக்குத் தலைமை ஏற்றவர் ஆர்.எஸ். கவாயின் மகன், தலைமை நீதிபதி பி.ஆர். கவாய். பேரறிவாளனை விடுவித்த அமர்விலும் அவர் இருந்தார்.

நாம் அதிகம் பேசாத இரண்டு பிரிவுகளையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியலினச் சாதிகள் எவையென அறிவிக்கும் முன் குடியரசுத் தலைவர் ஆளுநரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 341ஆம் உறுப்பு. தேசியப் பட்டியலினத்தோர் ஆணையத்தின் அறிக்கையில் மாநிலம் தொடர்பான பகுதியை, எடுத்த நடவடிக்கை விவரத்துடன் சட்டமன்றத்தில் வைக்கச் செய்யும் கடமையை ஆளுநருக்குத் தருகிறது 338ஆம் உறுப்பின் 7ஆம் கூறு. வேங்கைவயல் நடந்த மாவட்டத்தில் வாழும் நாம், மேடையில் ஆளுநர் என்ன பேசினார் என்பதைவிட, இக்கடமை எந்தத் தேதியில் நிறைவேறியது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பது பயனுள்ளது.

இனி வரவிருப்பது ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டம். கவின் கொல்லப்பட்ட பின், நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபர் 17 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் உள்ளது. ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் பிரிவுகளுக்கு 254ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. ராஜஸ்தான் சட்டமன்றம் 2019 ஆகஸ்டில் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதா அந்த வழியில் போய்ச் சட்டமாகாமல் நின்றது. எனவே ஒரே மசோதாவில் அனைத்தையும் அடைத்து அனுப்புவதை நாம் எதிர்க்க வேண்டும். பாதுகாப்பு இல்லங்கள், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, காவல் அதிகாரியின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவை சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகளோடு ஒத்துப்போகின்றவை. காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. இவற்றைத் தனிச் சட்டமாக்கலாம். நிர்வாக ஆணையாக இன்றே பிறப்பிக்கவும் தடையில்லை. புதிய குற்றப்பிரிவும் தண்டனையும் இரண்டாவது மசோதாவாகத் தனியே செல்லட்டும். அதை ஆளுநர் பெற்ற நாள், அனுப்பிய நாள் இரண்டையும் அரசு இணையத்தில் வெளியிட வேண்டும் என்னும் கோரிக்கையை ஆணையத்திடம் அளிக்கும் மனுவிலேயே சேர்த்துவிடலாம்.